நிலம் மனையாகும் முன்

நுழையும்முன்

வயலொன்று வீட்டுமனைகளாக மாறச் சில மாதங்கள் போதும். அது மீண்டும் வயலாவது அரிது. ஒருவருக்கு உரிமையான நிலமாயினும் அதன் பயன் மாறும்போது அண்டை நிலமும் நீர்வழியும் ஊரும் உடன் மாறுகின்றன. எனவே, மாற்றம் நிகழும் முன்பே ஊரின் சார்பில் ஆராய்ந்து ஒப்புதல் வழங்கும் முறை வேண்டப்படுகிறது. அம்முறையின் இயல்பையும் இன்றியமையாமையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஊரின் பொறுப்பில் நீரும் நிலமும்

தொல்காப்பியம் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்காகப் பகுத்தது. அது நிலத்தின் இயல்பு நோக்கிய பகுப்பு. அவ்வியல்பைக் காக்கும் பொறுப்பைப் பிற்காலத்தில் ஊர்ச்சபைகள் ஏற்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட இவற்றின் உறுப்பினர் கணக்குக் காட்டத் தவறினால் மீண்டும் தேர்வு பெறும் தகுதியை இழந்தனர். நிலமுடையோர்க்கே இவற்றில் இடமிருந்தது என்பது அதன் குறை. எனினும், பொதுச்சொத்தைக் காப்போர் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் நெறி அன்றே வேரூன்றியிருந்தது.

சட்டம் காட்டும் வழி

சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில், கிராமங்களையும் உள்ளடக்கிய தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 பின்னர் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்கீழ் அமையும் உள்ளூர்த் திட்டக் குழுமங்கள், தத்தம் பகுதிக்கு முழுமைத் திட்டம் வகுக்கின்றன. குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பயன் நோக்கி நிலம் அதில் வகைப்படுத்தப்படுகிறது. வரைவுத் திட்டம் வெளியிடப்பட்டு, மக்களின் மறுப்புகளும் கருத்துகளும் கேட்கப்பட்ட பின்னரே இறுதியாக்கப்பட வேண்டும். மக்கள் குரலுக்குச் சட்டம் திறந்துவைத்துள்ள வாயில் இதுவாகும்.

மனைப்பிரிவு ஆய்வு

நிலத்தைப் பல மனைகளாகப் பிரிக்க விரும்புவோர் வரைபடத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். உரிமை ஆவணங்கள், சாலையிணைப்பு, மழைநீர் வடியும் திசை, ஏரி, குளம், வாய்க்கால்களின் அமைவு ஆகியவை ஆராயப்படுகின்றன. தீயணைப்பு ஊர்தியும் நோயாளர் ஊர்தியும் நுழைய முடியாத தெரு, வரைபடத்தில் இருக்கும்போதே திருத்தப்படலாம். இருபுறமும் வீடுகள் எழுந்தபின் அதனை அகலப்படுத்துவது எளிதன்று.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொதுவெளியாக ஒதுக்கப்பட்டு, உள்ளாட்சி அமைப்பிடம் தானப் பத்திரம் வழி ஒப்படைக்கப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, 5 ஏக்கர் நிலத்தில் 125 சென்ட் சாலைக்குப் போனால் எஞ்சுவது 375 சென்ட். அதில் 37.5 சென்ட் பொதுவெளி. பூங்காவோ விளையாட்டிடமோ அமையவேண்டிய அவ்விடம், வரைபடத்திலேயே விடுபட்டுவிட்டால் அவ்வூர்ச் சிறுவர்க்குத் தெருவே ஆடுகளம்.

தெரிந்து தெளிவோம்

ஒப்புதல் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. விலை குறைவு என நம்பி வாங்கிய குடும்பங்கள் பல இதனால் மனையை விற்க இயலாமல் தவித்தன. 2017இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. எனினும், நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு அவ்வாய்ப்பு வழங்கப்படவில்லை.

தொழிலும் நீரும்

தொழில் வளர்ச்சி நாட்டுக்கு இன்றியமையாதது. 1958இல் தொடங்கப்பெற்ற கிண்டித் தொழிற்பேட்டை, சிறுதொழில்களுக்குரிய வசதிகளை ஓரிடத்தில் அமைத்துத் தந்த முன்முயற்சியாகும். தொழிலுக்கு ஏற்ற இடத்தை முன்கூட்டியே வகுப்பது, தொழில்முனைவோர்க்கும் மக்களுக்கும் ஒருங்கே நன்மை தரும்.

அவ்வாறு வகுக்கத் தவறினால் விளைவதை நொய்யலாறு காட்டுகிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தது. ஆயின், அத்தொழில் சார்ந்த சாய ஆலைகளின் கழிவு ஆற்றில் கலந்தது. பாசனத்திற்கென 1992இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டி முடிக்கப்பட்ட அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியது. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறையைக் கைக்கொள்ளும்வரை ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. முதலில் பயிரை இழந்தவர் உழவர். பின்னர் வேலையை இழந்தவர் தொழிலாளர். தனித்தனியே நோக்கினால் ஓர் ஆலையின் கழிவு சிறிதாகத் தோன்றலாம். ஆறு தாங்கவேண்டியதோ அனைத்தின் கூட்டுத்தொகையை. எனவே, திட்ட ஆய்வு என்பது ஒரு விண்ணப்பத்தை மட்டும் நோக்குவதன்று. அப்பகுதி முழுவதன் தாங்குதிறனையும் நோக்குவதாகும்.

இன்று புதிய ஆலை தொடங்குவோர், பொதுவாகத் திட்ட ஒப்புதலுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஓர் இசைவும் இயக்குவதற்கு ஓர் இசைவும் பெறவேண்டும். மாசின் அளவு கருதித் தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை முதலிய வகைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன.

குடிமக்களின் கடமை

ஒப்புதலுக்குக் காலம் நீள்கிறது என்பது விண்ணப்பிப்போரின் குறை. அது புறக்கணிக்கத்தக்கதன்று. விரைந்து முடிவெடுத்தல் அலுவலர் கடமை; ஆராயாமல் முடிவெடுத்தல் கடமை தவறுதல். மனை வாங்குவோர் ஒப்புதல் எண்ணையும் வில்லங்கச் சான்றையும் சரிபார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அந்நிலத்தில் நீர் எவ்வழி ஓடும் என்பதை அவ்வூர் முதியவரிடம் கேட்டறிவதும் நன்று. கிராம சபையில் வினவவும், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் விவரம் பெறவும் குடிமக்களுக்கு வழியுண்டு. நிலத்தில் எல்லைக்கல் நடப்படும் முன் எழும் ஒரு வினா, பின்னர் தொடுக்கப்படும் பல வழக்குகளைத் தவிர்க்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கடந்த இருபது ஆண்டுகளில் பயன் மாறிய நிலங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. 8 ஏக்கர் நிலத்தில் 200 சென்ட் சாலைக்கு ஒதுக்கப்பட்டால், பொதுவெளிக்குரிய பரப்பைக் கணக்கிட்டு, அதனை எவ்வாறு பயன்படுத்தலாம் எனக் குழுவாகக் கலந்துரையாடுக.

3. 'வேலைவாய்ப்பும் நீர்வளமும்' என்னும் தலைப்பில் ஆலைத் தொழிலாளர், உழவர், திட்டக் குழும அலுவலர் ஆகிய மூவர் உரையாடுவதாக ஓர் உரையாடல் எழுதுக.