ஸ்கேனர் செருக இடமில்லாத காரில் வேலை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பட்டறையில் வேலைக்குச் சேரப் போகிறீர்களா? ஸ்கேனரைச் செருகிக் கோளாறைப் படிக்கும் ஓபிடி-2 முறை அமெரிக்காவில் கட்டாயமானது 1996இல்தான். அதற்கு முப்பது வருடம் முந்தைய காரில் ஸ்கேனரைச் செருக இடமே இருக்காது. கண், காது, மூக்கு, நாலைந்து அளவுக் கருவிகள், இவற்றை வைத்துத்தான் கோளாறைச் சொல்ல வேண்டும். கழற்றி மாட்ட ஆள் எங்கும் கிடைக்கும். எதைக் கழற்ற வேண்டும் என்று சரியாகச் சொல்பவரைத்தான் இந்தத் தொழில் தேடுகிறது.

பழகுவதற்கு எம்ஜிபி நல்ல கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1,798 சிசி, நான்கு சிலிண்டர், பெரும்பாலானவற்றில் இரட்டை எஸ்யு கார்புரேட்டர். உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. யோசிக்காமல் பாகத்தை மாற்றும் பழக்கம் வருவதும் அதனால்தான்.

“ஐட்லிங் நிற்க மாட்டேன் என்கிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, கார்புரேட்டர்தான் கோளாறு” என்பார் வண்டிக்காரர். அவர் சொன்னதை ஜாப் கார்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கார்புரேட்டரில் மட்டும் கடைசியாகக் கை வையுங்கள். முதலில் கம்ப்ரஷன், அடுத்து டேப்பெட் இடைவெளி, பிறகு இக்னிஷன், அப்புறம்தான் பெட்ரோல். வால்வு கசிகிற எஞ்சினுக்குக் கார்புரேட்டரைத் திருகிச் சரிக்கட்டினால், இருந்த கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

எஞ்சினைச் சூடாக்கி, இக்னிஷனைத் துண்டித்து, நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் கேஜில் பாருங்கள். நான்கு அளவும் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

இக்னிஷனில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டைமிங்கை லைட் வைத்துப் பாருங்கள், காதை நம்ப வேண்டாம்.

உங்கள் திறமையை உண்மையில் சோதிப்பது, சூடானதும் நின்றுபோய், ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிற வண்டி. பட்டறையில் நிற்கும்வரை அது கோளாறைக் காட்டாது. ஓட்டிப் பாருங்கள். நின்ற அந்த நிமிடத்திலேயே, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், உதிரி பிளக் ஒன்றை எஞ்சின் உடம்பில் எர்த் செய்து ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். மஞ்சளாக, நோஞ்சானாக வந்தால் முதல் சந்தேகம் கண்டென்சர் மீதும் காயில் மீதும். புதிதாக வாங்கிய கண்டென்சரும் சூட்டில் சாகும். புதியது என்பதற்காக அதை விட்டுவைக்காதீர்கள். ஸ்பார்க் நீலமாக, பலமாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். இக்னிஷன் சாவியைத் திருப்பிவிட்டு, பின்பக்கம் இருக்கும் எஸ்யு மின் பம்பைக் கவனியுங்கள். சில தட்டு தட்டிவிட்டு அடங்கினால் கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்துவிட்டது. ஓயாமல் படபடத்தால் உறிஞ்சும் குழாயில் காற்றுக் கசிவு, இல்லையென்றால் டாங்க் காலி. சத்தமே இல்லையென்றால் பம்பின் உள்ளே இருக்கும் பாயிண்டைப் பாருங்கள். பம்பை லேசாகத் தட்டி வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரலாம். அதை ரிப்பேர் என்று பில் போடக் கூடாது.

கார்புரேட்டருக்கு வரும்போது எஸ்யுவின் அழகு தெரியும். அடியில் இருக்கும் லிஃப்டிங் பின்னைக் கொண்டு கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி, பழைய நிலைக்கு வந்தால் சரி. இன்னொரு கார்புரேட்டரிலும் இதையே செய்யுங்கள். அதற்கு முன் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கின்றனவா என்று சரிபார்த்திருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதை எழுதி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. பிளக், பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் சேர்த்து மாற்றி வண்டி சரியாகிவிட்டால், கோளாறு எதில் இருந்தது என்று உங்களுக்கே தெரியாது. இரண்டு மாதத்தில் அதே வண்டி திரும்பி வந்தால் வண்டிக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

பட்டறைக்குள் சில கட்டாயங்கள். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ் எர்த். பாட்டரியை மாற்றும் முன் அதைச் சரிபாருங்கள். பெட்ரோல் குழாய்கள் எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலிலேயே 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம், இந்தியாவில் அது 20 சதவீதம். பழைய ரப்பர் இதில் ஊறி வெடிக்கும், கசிந்தால் தீ. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சோதனைக்கான கூலியை ரிப்பேர் கூலியோடு கலக்காதீர்கள். “கோளாறைக் கண்டுபிடிக்க இத்தனை மணி நேரம், அதற்கு இவ்வளவு. கண்டுபிடித்த பின் எஸ்டிமேட் தருகிறேன், நீங்கள் சரி என்றால் வேலை” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயங்கினால் இரண்டு நாள் உழைப்பு பில்லில் ஏறாமல் போகும். கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

படிக்க விரும்புவோருக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸில் மெக்ஃபர்சன் கல்லூரி கார் புனரமைப்பில் நான்கு வருடப் பட்டம் தருகிறது. இங்கிலாந்தின் பிஸ்டரில் ஹெரிட்டேஜ் ஸ்கில்ஸ் அகாடமி, வேலையோடு சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறது. இங்கே இந்தியாவில் ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம். அதை முடித்துவிட்டு, கார்புரேட்டர் வண்டிகளை இன்னும் எடுத்துச் செய்கிற பட்டறையில் சேருங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது சான்றிதழோடு, நீங்கள் சோதித்த ஒரு எஞ்சினின் குறிப்பையும் கொண்டுபோங்கள்: வந்த புகார், எடுத்த அளவுகள், ஒதுக்கிய சந்தேகங்கள், கடைசியில் கிடைத்த காரணம்.