ஷவர் வாங்குவது கடைசி வேலை

பழைய குளியலறையை உடைத்துப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது டைல்ஸ் கடையில். அடுத்தது ஃபிட்டிங்ஸ் கடை. அங்கே பளபளவென்று மாட்டி வைத்திருக்கும் ஷவர்களில் ஒன்று பிடித்துப்போகிறது, முன்பணமும் கட்டியாகிவிடுகிறது, அதன் பிறகுதான் பிளம்பர் வருகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. குளியல் சுகமாக அமையுமா என்பதை ஷவரின் அழகு தீர்மானிப்பதில்லை. மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது, அந்த வீட்டில் குளிப்பவர்கள் யார், எப்படிக் குளிக்கிறார்கள், எதன்மேல் கால் வைத்து நிற்கிறார்கள் என்பவையே தீர்மானிக்கின்றன. இவற்றுக்கான வேலையில் பெரும்பகுதி டைல்ஸுக்குப் பின்னாலும் அடியிலும் மறைந்துபோகிறது. மூடியபின் பல ஆண்டுகளுக்கு யாரும் அதைத் திறப்பதில்லை. ஷவரையோ அரை மணி நேரத்தில் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்துவிட்டு, மாற்றக்கூடியதைக் கடைசியில் வாங்குவதே நியாயம்.

அழுத்தத்திலிருந்து தொடங்குவோம். நம் ஊர் வீடுகளில் தண்ணீருக்கு வேகம் கொடுப்பது மொட்டைமாடித் தொட்டியின் உயரம் மட்டுமே. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே ஒவ்வொரு பத்து மீட்டர் உயர வித்தியாசத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் குளிப்பவருக்கு அந்த 1 பார் இருக்கும். அதே கட்டடத்தின் மேல்தளத்தில், ஷவர் ஏழு அடி உயரத்தில் இருந்தால், வித்தியாசம் இரண்டு மூன்று மீட்டர்தான், அழுத்தம் 0.2 அல்லது 0.3 பாருக்கு மேல் போகாது. அதிக அழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட பன்னிரண்டு அங்குல ‘ரெயின் ஷவரை’ அங்கே மாட்டினால் நடுவில் சில துளைகள் சொட்டும், ஓரத் துளைகள் காய்ந்து கிடக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த ஷவர் வேறு வீட்டுக்கு உரியது. தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் கூடுவது வெறும் 0.1 பார். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் போடுவதும், வழியில் எல்போக்களைக் குறைப்பதும் அதைவிட நல்ல பலன் தரலாம். அதுவும் போதாதபோது பிரஷர் பம்ப் வைக்கலாம். அப்படி வைத்தால் கீசருக்குப் போகும் குழாய்க்கும் பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கும் சேர்த்தே அது தள்ள வேண்டும். பச்சைத்தண்ணீரை மட்டும் பம்ப் தள்ளினால் மிக்ஸரில் அது சுடுதண்ணீரை அமுக்கிவிடும். கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியான சூடு அமையாது. பம்ப் வேண்டாம் என்பவர்கள், குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் நாலைந்து அங்குலச் சிறிய ஷவரைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. எந்த ஃபிட்டிங்ஸ் வாங்கினாலும் அதற்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் என்ன என்று விவரத் தாளில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சுடுதண்ணீரும் கணக்குக்குள் வர வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி, கீசரில் 15 லிட்டர் 60 டிகிரி, உடம்புக்கு வேண்டியது 40 டிகிரி என்றால், இரண்டும் கலந்து சுமார் 40 லிட்டர் கிடைக்கும். ஐந்து நிமிடக் குளியல். ஊட்டியில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி என்றால் அதே கீசர் 27 லிட்டர்தான் தரும். மூன்றரை நிமிடத்தில் உடம்பு நடுங்கும். இடம் குறைவென்று பலர் வாங்கும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரின் கதை இன்னும் தெளிவானது. 3 கிலோவாட் சக்தியில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடும்போது அதனால் சூட்டை ஐந்தரை டிகிரிதான் உயர்த்த முடியும். வாளியில் மெதுவாகப் பிடித்து ஊற்றிக்கொள்ள அது நல்ல கருவி, ஷவருக்குப் பொருந்தாது. சுவருக்குள் போகும் சுடுதண்ணீர்க் குழாய் சிபிவிசியாக இருக்க வேண்டும், சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். கீசரின் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்திருக்கும் வீடுகளில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் சுமார் ஐந்து விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் அந்த நேரம் இன்னும் குறைவு. பட்ஜெட் இடம் கொடுத்தால் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் வாங்குவதை நான் ஆடம்பரமாகக் கருதமாட்டேன். கீசர் லைனுக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் எந்தக் குளியலறையும் முடிந்ததாகக் கணக்கில்லை.

இனி குளிப்பவரின் உடம்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கிரா 1966-இல் வெளியிட்ட ‘தி பாத்ரூம்’ என்ற நூல், குளியலறையை மனித உடம்பின் அசைவுகளிலிருந்து தொடங்கி ஆராய்ந்தது. மனிதர்கள் எப்படிக் குனிகிறார்கள், எங்கே கை நீட்டுகிறார்கள், எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு பொருட்களை வடிவமைக்க வேண்டும் என்பது அவர் வழி. நம் வீடுகளுக்கு அந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்த்தால் முதலில் தெரியவருவது, தலைக்கு மேலே சுவரோடு அசையாமல் நிற்கும் ஷவர் நம் பெண்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தவில்லை என்பதே. நீண்ட கூந்தல் உள்ளவர்கள் தினமும் தலைக்குக் குளிப்பதில்லை. வாரத்தில் ஓரிரு நாள்தான். மற்ற நாட்களில் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவர் அதற்கு இடம் தருவதில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வைத்த ஷவரை ஒதுக்கிவிட்டு அவர்கள் வாளிக்குத் திரும்புவதில் வியப்பில்லை. இதற்கு விடை, செங்குத்தான கம்பியில் மேலும் கீழும் நகரும் கை ஷவர். தோள் உயரத்துக்கு இறக்கினால் தலை நனையாது. ஐந்தடி அம்மாவுக்கும் ஆறடி மகனுக்கும் ஒன்றே போதும். உட்கார்ந்து குளிக்கும் பாட்டியின் கைக்கும் எட்டும். ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மேல் ஷவரை விட்டுவிட்டு இதை வாங்கச் சொல்வேன். அடுத்தது, திருகும் இடம். வழக்கமாகக் குழாய்க் கைப்பிடியை ஷவருக்கு நேர் கீழே வைக்கிறார்கள். அதைத் திறக்க உள்ளே போய் நிற்க வேண்டும். முதலில் வரும் குளிர்ந்த தண்ணீரோ, வெயிலில் கொதித்த தொட்டித் தண்ணீரோ நேராக உடம்பில் விழும். கதவுப் பக்கச் சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே கைப்பிடியை வைத்தால் வெளியே நின்றபடி சூட்டைச் சரிபார்த்துவிட்டு நுழையலாம். கூடுதலாகும் செலவு இரண்டு மூன்று அடிக் குழாய்தான்.

வாளியும் மக்கும் இருக்கும்போது ஷவருக்காக இத்தனை யோசனை எதற்கு, தண்ணீர் வீண்தானே என்ற மறுப்பு வலுவானது; 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியதைப் பார்த்த ஊரில் அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் வீணாவது ஷவராலா, அளவில்லாத ஓட்டத்தாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் ஐந்து நிமிடம் குளித்தால் 40 லிட்டர். 20 லிட்டர் வாளி இரண்டு பிடித்தாலும் அதே 40. சோப்பு போடும்போது நிறுத்தும் பொத்தான் உள்ள கை ஷவர் என்றால் இன்னும் குறையும். அழுத்தம் அதிகமுள்ள கீழ்த்தளங்களில் ஓட்டக் கட்டுப்பாட்டு வாஷர் போடாவிட்டால் அந்த 8 எளிதாக 15 ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். வாளியைத் துரத்துவது என் நோக்கமில்லை. தண்ணீர் வராத நாட்களுக்கும், குழந்தையைக் குளிப்பாட்டவும், துணி அலசவும் அது வேண்டும். வாளி தாராளமாக அடியில் நிற்கும் உயரத்தில் ஒரு குழாயும், நடக்கும் வழியில் இல்லாமல் வாளி நிற்க ஒரு மூலையும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

தரையைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம், மிக அதிகமாக அவதிப்படுவதும் அதனால்தான். ஷவர் பகுதியில் வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குலச் சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காது. மொகஞ்சதாரோ வீடுகளின் செங்கல் குளியல் மேடைகளே வடிகாலை நோக்கிச் சரிவாகத்தான் கட்டப்பட்டிருந்தன. இரண்டடிக்கு இரண்டடி பெரிய டைல்ஸைத் தரையில் போட்டுவிட்டு நாலு பக்கமிருந்தும் நானி டிராப் எனப்படும் தரை வடிகாலை நோக்கிச் சரிவு கேட்டால் கொத்தனாரால் கொடுக்க முடியாது. அதற்குச் சிறிய டைல்ஸ் வேண்டும், அல்லது சுவரோரம் நீளவாட்டில் வடிகால் வைத்து ஒரே பக்கமாகச் சரிக்க வேண்டும். சிறிய டைல்ஸில் இன்னொரு நன்மை, இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிமானம் கூடும். ‘ஆன்டி ஸ்கிட்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பக்கூடாது. ஆர்9 முதல் ஆர்13 வரையிலான ஜெர்மானியத் தரக்குறி, பூட்ஸ் போட்டு எண்ணெய் தடவிய சாய்தளத்தில் நடந்து பார்த்துக் கொடுப்பது. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து பார்க்கும் சோதனைக்கு ஏ, பி, சி என்று தனித் தரம் உண்டு. ஷவர் தரைக்குக் குறைந்தது பி வேண்டும். நம் வீட்டில் வெறுங்காலும் உண்டு, எண்ணெய்க் குளியலும் உண்டு. எனவே இரண்டு தரக்குறியையும் கேட்டு வாங்குவதில் தவறில்லை. டைல்ஸுக்கு அடியில் வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் தரையில் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட்டுக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். வேலை தாமதமாகிறது என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கைப்பிடிக் கம்பி, உட்காரும் பலகை என்று பேச்செடுத்தால், ‘ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும், எங்களுக்கு என்ன வயசாகிவிட்டது’ என்று பதில் வருகிறது. இந்த மறுப்பைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். நாற்பது வயதில் புதுப்பிக்கும் குளியலறையில்தான் ஐம்பத்தைந்திலும் குளிக்கப் போகிறோம். அதற்குள் வீட்டுக்கு வந்து தங்கும் பெற்றோர் இருப்பார்கள், பிரசவத்துக்கு வரும் மகள் இருப்பாள், கால் சுளுக்கிய ஒரு வாரம் யாருக்கும் வரும். கம்பியை இன்றே மாட்ட வேண்டியதில்லை. மாட்டுவதற்கான பலத்தைச் சுவருக்கு இன்றே கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள், கைப்பிடி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், சுமார் 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. நம் கட்டடங்களில் இப்போது பரவியிருக்கும் இலகுவான ஏஏசி கற்களும் ஹாலோ பிளாக்குகளும் சாதாரண ஆணிக்கு அந்தப் பிடியைத் தராது. டைல்ஸ் ஒட்டுமுன் அந்த உயரத்தில் ஒரு பட்டையாகக் கான்கிரீட் நிரப்பிவிட்டால், பிறகு எந்த ஆண்டு வேண்டுமானாலும் கம்பி பொருத்தலாம். உட்காரும் மேடைக்கு 17 முதல் 19 அங்குல உயரம் போதும். லேசாக முன்பக்கம் சரித்த கிரானைட் பலகை நம் எண்ணெய்க் குளியலுக்குப் பழைய மணைப்பலகையைவிட முழங்காலுக்கு இதமானது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவைத் தடுத்துவிட்டால் உதவிக்குப் போகிறவர் என்ன செய்ய முடியும்? தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும்.

ஐந்துக்கு ஏழு அடி அறையில் இதெல்லாம் எங்கே அடங்கும், பணத்துக்கு எங்கே போவது என்பது கடைசி மறுப்பு. மேலே சொன்னவற்றில் மேடையைத் தவிர எதுவும் கூடுதல் இடம் கேட்பதில்லை. அதையும் சுவரோடு மடியும் இருக்கையாக வைக்கலாம். பணமும் பெரும்பாலும் இடம் மாறுகிறதே தவிர ஏறுவதில்லை. கூரை வரை ஒட்டும் விலையுயர்ந்த சுவர் டைல்ஸை ஏழு அடியோடு நிறுத்தினால் மிச்சமாவது வாட்டர் ப்ரூஃபிங்குக்கும் நல்ல தரை டைல்ஸுக்கும் போகும். கண்ணாடித் தடுப்பும் கட்டாயமில்லை. போர்வெல் தண்ணீர் உள்ள பகுதிகளில் உப்புக்கறை படிந்து சில மாதங்களில் அது மங்கிவிடும். அரைச் சுவரோ திரையோ போதும். அதே காரணத்துக்காக, விரலால் தேய்த்தால் உப்பு உதிரும் சிலிகான் முனைகள் கொண்ட ஷவரை வாங்குவது நல்லது.

வேலை தொடங்குமுன் வீட்டில் குளிக்கும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள்: நின்று குளிக்கிறீர்களா, உட்கார்ந்தா, தலைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எது தொந்தரவாக இருக்கிறது என்று. பதில்களைத் தாளில் எழுதிப் பிளம்பரிடம் கொடுங்கள். குழாய்கள் பதித்து முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுமுன், நாலு சுவரையும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கைப்பிடிக்குத் துளை போட வருபவர் சுடுதண்ணீர்க் குழாயை உடைக்காமல் இருக்க அந்தப் படம் வேண்டும்.