ஆய்வுக் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது?

ஓப்பன் ஆக்சஸ் என்றால் காசு கட்டிப் போடுவது என்ற எண்ணம் முனைவர் பட்ட மாணவர்கள் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. காசில்லாதவர் கட்டுரை சந்தா கட்டுவோருக்கு மட்டும்தான் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை அப்படியில்லை. ஒரு ரூபாய் கட்டாமலே உங்கள் கட்டுரையை எல்லாரும் படிக்கும்படி வைக்க முடியும், அதுவும் நல்ல இதழில் வெளியிட்டே. இதழ் தேடத் தொடங்கும் முன் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுத்துப் பார்ப்பது. எந்த இதழ்கள் அதில் மூன்று நான்கு தடவை வருகின்றனவோ, உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவற்றைத் தனியே எழுதி வையுங்கள். இம்பேக்ட் ஃபேக்டரை இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டாம். அது இதழின் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களின் சராசரி. ஒருசில கட்டுரைகளுக்கு வந்து குவியும் மேற்கோள்களாலேயே அது ஏறிவிடும்; உங்கள் கட்டுரை நல்லதா என்பதை அது சொல்லாது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கையே, இதழின் பெயரை வைத்து அல்ல, ஆய்வின் தகுதியை வைத்தே மதிப்பிட வேண்டும் என்கிறது.

அடுத்து, உங்கள் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022-இல் நீக்கிவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியாக அதை வைத்திருக்கின்றன. இதழ்களுக்கான யூஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் உள்ள இதழ்தான் வேண்டும் என்று உங்கள் பல்கலைக்கழகம் கேட்டால், 'ஸ்கோபஸ் இன்டெக்ஸ்டு' என்று இதழின் முகப்பில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஸ்கோபஸ் தளத்திலேயே இதழ்களின் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடி, எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டுள்ளது என்பதைப் படியுங்கள். நிறுத்தப்பட்ட இதழ் என்றால் அங்கேயே குறித்திருப்பார்கள்.

இனி, நேரம் செலவிட வேண்டிய இடம்: இதழ் உண்மையானதா என்று சோதிப்பது. அதன் கடைசி இரண்டு வெளியீடுகளைத் திறந்து ஐந்தாறு கட்டுரைகளின் முதல் பக்கத்தை மட்டும் பாருங்கள். கட்டுரை வந்த நாள், திருத்தி அனுப்பிய நாள், ஏற்ற நாள் என்று பல இதழ்களில் மூன்று தேதிகள் இருக்கும். மார்ச் 3-ஆம் தேதி வந்து 6-ஆம் தேதி ஏற்கப்பட்டிருந்தால், அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். வெற்றிலைச் சாறு, ஆன்டெனா வடிவமைப்பு, வங்கிக் கடன் மூன்றும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தால் விலகிவிடுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் அங்கே இந்த இதழைக் குறிப்பிடுகிறாரா என்று பாருங்கள். அவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்பதிலும் தவறில்லை.

இப்படிப்பட்ட சோதனை ஏன் தேவை என்பதற்கு நம் ஊர்ச் சான்றே இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. கட்டுரைகளைத் துறை வல்லுநர்கள் மதிப்பிடுகிறார்கள் என்று ஏமாற்றியது, கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்தது, சம்மதம் பெறாமல் அறிஞர்கள் பெயரை ஆசிரியர் குழுவில் போட்டது ஆகியவை குற்றச்சாட்டுகள். பெரிய பதிப்பகத்தின் பெயரும் காப்பாற்றாது. வைலி நிறுவனம் 2021-இல் வாங்கிய ஹிந்தாவி இதழ்களில் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி சிறப்பிதழ்களில் வந்தவை. முன்பின் தெரியாதவர் சிறப்பிதழுக்கு அழைத்தால் பதில் போட வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. அவற்றின் பட்டியல் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தளத்தில் இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். மூளைப் படமாக்கத் துறையின் முன்னணி இதழான நியூரோஇமேஜ் 2023-இல் ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர் கேட்டது. இளநிலை ஆய்வாளர் ஒருவரின் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். அந்தக் கட்டணம் அவருடைய ஏழு மாத உதவித்தொகையைத் தாண்டும். கட்டணத்தைக் குறைக்க அதன் பதிப்பகமான எல்சேவியர் மறுத்ததால், ஆசிரியர் குழு முழுவதுமே அந்த ஏப்ரலில் விலகி, இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற இதழைத் தொடங்கியது. ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் தரும் முழுக் கட்டண விலக்கு, இந்தியாவுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 முதல் சுமார் 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் படிக்க வழி செய்திருக்கிறது. ஆனால் உங்கள் கட்டுரையை வெளியில் இருப்பவர் படிக்க அந்தச் சந்தா உதவாது.

கட்டணமே வாங்காத திறந்த இதழ்களும் நிறைய உண்டு. டி.ஓ.ஏ.ஜே. என்ற பட்டியலில் 20,000-க்கும் மேற்பட்ட இதழ்கள் இருக்கின்றன. அதில் கட்டணமில்லாதவை என்று வடிகட்டித் தேடுங்கள். பாதிக்கும் மேல் மிஞ்சும். சி.வி.ராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ப்ரமாணா போன்ற இதழ்களையும் மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் விரும்பும் இதழ் சந்தா இதழாக இருந்தால்? தயங்காமல் அனுப்புங்கள். அனுப்பும் முன் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் இதழின் பெயரைப் போடுங்கள். ஷெர்பா ரோமியோ என்ற பழைய பெயரில் பலருக்கு அது தெரிந்திருக்கும். எந்தப் பிரதியை, எங்கே, எத்தனை மாதம் கழித்துப் பொதுவில் வைக்கலாம் என்று அங்கே இருக்கும். நமக்கு வேண்டியது ஏற்கப்பட்ட பிரதி. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களை எல்லாம் செய்து, 'ஏற்றுக்கொண்டோம்' என்ற மின்னஞ்சல் வந்த அன்று உங்கள் கணினியில் இருக்கும் வேர்டு கோப்பு அது. பதிப்பகம் பத்தி பிரித்து அழகுபடுத்திய பி.டி.எஃப். அல்ல. அந்த பி.டி.எஃப்.-ஐ ரிசர்ச்கேட்டில் ஏற்றுவது பல இதழ்களின் ஒப்பந்தத்துக்கு விரோதம். ஏற்கப்பட்ட பிரதியை உங்கள் நிறுவனக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன; 12 மாதம் அல்லது அதற்கு மேல் காத்திருக்கச் சொல்லலாம், அவ்வளவே. இயற்பியல், கணிதம் என்றால் 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் தளம் இருக்கிறது. இதழுக்கு அனுப்பும் நாளிலேயே அதில் ஏற்றிவிடலாம். இந்தியர்கள் வெளியீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, களஞ்சியமே போதும் என்று சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் பல ஆண்டுகளாக வாதாடியவர்.

ஒப்பந்தப் படிவத்தை வரி வரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். ஏற்கப்பட்ட கோப்பை, தேதியைப் பெயரில் சேர்த்து, அன்றே தனியாகச் சேமித்து வையுங்கள். ஏற்கெனவே கட்டுரை வெளியிட்டவர்கள் இந்த வாரமே பழைய மின்னஞ்சல்களில் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, நூலகரிடம் கொடுத்துக் களஞ்சியத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.