கேட்டதும் தேவையும்

நுழையும்முன்

திருவண்ணாமலையில் முழுநிலா நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் மலையை வலம் வருகின்றனர். அவர்களுக்காக ஒரு செயலியை உருவாக்க நேர்ந்தால், மென்பொருளாளர் முதலில் எழுத வேண்டியது நிரலையா, வினாவையா?

கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுடையது. எண்திசை இலிங்கங்களை வழிபட்டவாறு நடப்போர் விடியும்வரை வந்துகொண்டே இருப்பர். அவர்களுக்கெனச் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன. இவற்றுக்கு முன்பதிவுச் செயலி ஒன்றை ஒருவர் கோருவதாகக் கொள்வோம். “பௌர்ணமித் தேதியைத் தொட்டால் அன்றைய பேருந்துகள் தெரிய வேண்டும்” என்பது அவர் கோரிக்கை. ஐயத்துக்கு இடமில்லாதது போலவே தோன்றும்.

ஆயின், பௌர்ணமி என்பது தேதியன்று, திதி. ஞாயிற்றைவிட்டு நிலவு 12 பாகை விலகிச் செல்லும் காலமே ஒரு திதி. நிலவின் வேகம் சீராக இல்லாமையால் அது ஏறத்தாழ 19 மணி முதல் 26 மணி நேரம் வரை அமையும். ஒருநாள் மாலையில் தொடங்கி மறுநாள் மாலையில் முடிவதும் உண்டு. கிரிவலத்திற்கு உகந்த நேரத்தைக் கோயில் நிர்வாகம் மாதந்தோறும் அறிவிப்பது இதனால்தான். கோரிக்கையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய செயலி, நள்ளிரவு கடந்து ஊர் திரும்புவோருக்குப் ‘பேருந்து இல்லை’ என்றே காட்டும். நிரலில் பிழையில்லை, கேட்டவரும் பொய் சொல்லவில்லை. உறங்கும் குழந்தையைத் தோளில் இட்டுப் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு இவ்விளக்கத்தால் என்ன பயன்?

கேட்டவரைக் குறைகூறுவதற்கில்லை. இவ்வூரில் பிறந்து வளர்ந்தவருக்கு இது சொல்ல வேண்டிய செய்தியாகவே தோன்றாது. ஆதலின், கேட்டறியும் கடமை மென்பொருளாளரையே சாரும். திதி எப்போது தொடங்குகிறது, ஒரே மாதத்தில் இரு பௌர்ணமிகள் வந்தால் என் செய்வது, கூட்டம் எந்நேரத்தில் திரும்புகிறது என அவர் வினவ வேண்டும். பேருந்து நிலையத்தில் ஓர் இரவு நின்று பார்ப்பது பத்துக் கலந்தாய்வுகளைவிட மேலானது. அறிந்தவற்றை எழுதி, மாதிரி ஒன்றைக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே நிரலைத் தொடுதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவூர்தி, புறப்பட்ட ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. ஏரியன் 4 ஊர்திக்கு எழுதப்பட்ட மென்பொருள் அதில் மீண்டும் பயன்படுத்தப்பட்டிருந்தது. அதன் ஒரு பகுதி, புறப்பட்ட பின்னும் சிறிது நேரம் இயங்க வேண்டும் என்பது பழைய ஊர்தியின் தேவை. புதியதற்கு அது தேவையே இல்லை. புதிய ஊர்தியின் கிடைமட்ட வேகம் மிகுதியானதால், 16 பிட்டுகளில் அடங்காத எண் தோன்றி வழிகாட்டும் கருவி செயலிழந்தது.

கற்பவை கற்றபின்

‘பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என இரு கட்டங்கள் உள்ள இணையப் படிவத்தைத் தலைப்பெழுத்து மட்டுமே உடைய தமிழர் எவ்வாறு நிரப்புவர்? அப்படிவத்தை உருவாக்கியவர் யாரிடம், என்னென்ன கேட்டிருக்க வேண்டும்? வகுப்பில் கலந்துரையாடுக.