கண்ணை மூடிக்கொண்டு ரெக்கார்டர் வாங்குங்கள்

தேவார வகுப்புக்கு வரும் பார்வையற்ற தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு ரெக்கார்டர் வாங்கித் தரலாமே என்று பல கிளைகளில் பேச்சு வருவதுண்டு. நல்ல யோசனைதான். பதிகத்தின் வரிகளைப் பிரெயிலில் படித்துவிடலாம். ஓதுவார் ஐயா பண்ணை எங்கே இழுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பதைக் காதால்தான் பிடிக்கணும். ஆனால் கடைக்குப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி?"

அது கடைசிக் கேள்வி. 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் ஒரு மணி நேர வகுப்பு 60 எம்பி கூட வராது. 8 ஜிபி இருந்தால் 100 மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

முதல் கேள்வி இதுதான்: பதிவு ஓடுதா இல்லையா என்று கண்ணால் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஜூம் எச்4என் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலித்தரம் அருமை, இசைக்காரர்களுக்குப் பிடித்தது. ஆனால் ரெக்கார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னும், அவ்வளவுதான். இரண்டாவது முறை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். மின்னுகிறதா, நின்று எரிகிறதா என்பதுதான் வித்தியாசம். பார்வை இல்லாதவருக்கு அது எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய்த் திறந்தால் வகுப்பே இருக்காது. ஐயா மறுபடியும் அதே பதிகத்தை எப்போது எடுப்பாரோ! ஹோல்டு சுவிட்சும் இப்படித்தான். தவறிப் பட்டுவிட்டால் பட்டன்கள் வேலை செய்யாது. பல கருவிகளில் அதைத் திரை மட்டுமே காட்டும்.

அதனால் கடையில் கண்ணை மூடுங்கள். பட்டன்களை விரலால் பிரித்தறிய முடிகிறதா? தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வேறு வேறு 'பீப்' வருகிறதா? ஒலிம்பஸ் டிஎம் வரிசையில் சில மாடல்கள் மெனுவைக் குரலில் வாசிக்கும். பிலிப்ஸ் பாக்கெட் மெமோவில் தள்ளும் சுவிட்ச் இருப்பதால் நிலையை விரலே சொல்லிவிடும். விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் பார்வையற்றோருக்கென்றே செய்தது. எல்லாவற்றையும் பேசும், டெய்சி நூல்களையும் வாசிக்கும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

கைப்பேசி போதாதா என்று கேட்பீர்கள். வாய்ஸ்ஓவர், டாக்பேக் பழகியவருக்குத் தாராளமாகப் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இயர்போன் மட்டும் போட்டுக்கொள்ளணும், இல்லையென்றால் திருவாசகத்துக்கு நடுவில் கைப்பேசியும் பேசும்.

கை நடுங்குபவர், விரலில் பலம் இல்லாதவர் என்றால் கணக்கே மாறும். நான் மேலே புகழ்ந்த தள்ளும் சுவிட்ச் அவருக்குத் தொல்லை. ஒரே ஒரு பெரிய பட்டன்தான் வசதி. ஆகவே பரிசுப்பொருள் மாதிரி ரகசியமாக வாங்காமல், பயன்படுத்தப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். பிரிக்பீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்திலும் விசாரிக்கலாம்.

வாங்கியபின், ஐயாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, கருவியை மடித்த துண்டின் மேல் வையுங்கள். ஆர்மோனியப் பெட்டி தட்டும் சத்தம் மேசை வழியாக ஏறாது. காற்றாடி நேராக மேலே சுற்றினால் லோ-கட் போட்டுவிடுங்கள்.