ஒரு மடிக்கணினி, இரண்டு இயங்குதளம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த இலவச ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். அதன் பிறகு கணினி ஓடும், ஆனால் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். நம் கேமரன் மலைத் தோட்டங்களில், ஹாபு பக்கமும் சுங்கை பாலாஸ் பக்கமும், லயத்து வீடுகளில் இருக்கும் மடிக்கணினிகள் பல அதற்கு முந்தைய வயசு. அண்ணன் கல்லூரிக்கு வாங்கியது, அடுத்து அக்காவுக்கு, இப்போ எஸ்.பி.எம். எழுதப் போகும் தம்பிக்கு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. புது மடிக்கணினி ஒன்று அந்த ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும்.

அதனால் பழைய கணினியைத் தூக்கிப் போடாமல், விண்டோஸையும் அழிக்காமல், பக்கத்திலேயே லினக்ஸையும் வைத்துக்கொள்வது எப்படி என்று இந்த மாதம் பார்ப்போம். இதற்கு டூயல் பூட் என்று பெயர்.

லயத்தில் ஒரே வீட்டை நடுவில் தடுத்து, அண்ணன் குடும்பம் ஒரு பக்கம், தம்பி குடும்பம் ஒரு பக்கம் இருப்பதைப் பார்த்திருப்பீங்க. வாசல் ஒன்று, அடுப்பு ரெண்டு. ஹார்ட் டிஸ்க்கையும் அப்படித்தான் பகுதி பகுதியாகத் தடுக்கிறோம். ஒரு பகுதியில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். கணினியைத் திறந்தவுடன் 'குரப்' என்ற சின்ன நிரல் துவாரபாலகர் மாதிரி வாசலில் நின்று "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கும். தேர்ந்தெடுத்தவர் மட்டும் எழுந்து வருவார், மற்றவர் தூங்குவார். ஒரே நேரத்தில் இருவரையும் ஓட்ட வேண்டுமானால் அது மெய்நிகர் கணினி, வேறு வழி. அதற்கு ரேம் நிறைய வேண்டும். 4 ஜிபி வைத்துக்கொண்டு அந்த ஆசை வேண்டாம்.

ஏன் இரண்டும் வேண்டும்? என் பொறியியல் படிப்பையே சொல்கிறேன். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது, அதனால் விண்டோஸ் போக முடியாது. ரோபோ நிரலாக்கத்துக்கான ராஸ், சர்வர் வேலை இதெல்லாம் லினக்ஸில்தான் சுகம். பள்ளிப் பிள்ளைகளுக்கோ, டெலிமா தளம் பிரௌசரில் திறப்பதுதானே, எந்த இயங்குதளமாக இருந்தால் என்ன? தமிழ் தட்டச்சுக்கு 1999 சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் கிடைக்கும். ஆதரவு போன விண்டோஸை இணையத்தில் விடாமல் கோயில் கணக்கு, பழைய மென்பொருள் என்று வைத்துக்கொண்டு, இணைய வேலையெல்லாம் லினக்ஸில் பார்ப்பதுதான் என் யோசனை.

இது நம்ம ஆட்களுக்குப் புதிதும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். எல்காட் என்ற அரசு நிறுவனம் வாங்கிய அந்தக் கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து இந்திய மொழிகளுக்காக உருவாக்கியது. கிராமத்துப் பிள்ளை கையில் இரண்டு இயங்குதளம், நல்ல எண்ணம்தான். ஆனால் எது எதற்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஆள் இல்லையென்றால், இரண்டாவது வாசலை யார் தட்டப் போகிறார்கள்?

சரி, வேலைக்கு வருவோம். பிள்ளையார் சுழி என்பது நகல் எடுப்பது. பாட்டியின் பழைய புகைப்படம், கோயில் திருவிழாக் கணக்கு, தங்கச்சியின் பள்ளிக் கோப்பு எல்லாம் வெளி டிஸ்க்கில் ஏறிய பிறகுதான் மற்றதெல்லாம். இதைச் செய்யாதவர் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடலாம், நான் சும்மா சொல்லவில்லை.

அடுத்து விண்டோஸுக்குள் மூன்று வேலை. முதலில் டிஸ்க் பூட்டு. பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் தானாகவே போடப்பட்டிருக்கும். பூட் அமைப்பை மாற்றினால் அது மிரண்டுபோய் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதே என்று நினைக்காதீங்க. மலைச் சரிவில் லைன் கிடைக்காத லயத்தில் அந்தக் கணக்கைத் திறக்க முடியுமா? முன்கூட்டியே சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது பூட்டை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, பவர் அமைப்பில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் வந்து அதன் கோப்பைத் தொட்டால் கோப்பு கெடலாம். மூன்றாவது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது காலியாக விடுங்கள். காலியாக விட்டால் போதும், வடிவமைக்க வேண்டாம்.

பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் எனக்குப் பிடித்தது. 2 ஜிபி ரேம் இருந்தாலே ஏறும், 4 இருந்தால் நிம்மதி. கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. தோட்டத்து லைனில் இறக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஈப்போவுக்கோ தானா ராத்தாவுக்கோ போகிறவரிடம் 8 ஜிபி பென்டிரைவைக் கொடுத்தனுப்புங்கள், ரூஃபஸ் மென்பொருளால் அதிலேயே எழுதிக் கொண்டுவரட்டும். ஒரு பென்டிரைவ் ஒரு லயத்துக்கே போதும்.

பென்டிரைவைச் செருகிக் கணினியைத் திறக்கும்போது, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசுஸ் என்றால் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும், டிஸ்க்கில் எதுவும் மாறாது. அரை மணி நேரம் அப்படியே பயன்படுத்திப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா? வைஃபையே பிடிக்காத கணினியில் அவசரப்பட்டு நிறுவ வேண்டாம்.

நிறுவும்போது ஒரே ஒரு திரையில்தான் மூச்சைப் பிடித்துக்கொள்ளணும். விண்டோஸோடு சேர்த்து நிறுவு என்று ஒரு வரி, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்று இன்னொரு வரி. இரண்டாவதை அழுத்தினால் பாட்டியும் போனார், கணக்கும் போனது. சேர்த்து நிறுவும் வரி வரவேயில்லை என்றால் எதையும் அழுத்தாமல் வெளியே வாருங்கள். பெரும்பாலும் பூட்டு எடுபடாமல் இருக்கும், அல்லது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிற்காமல் இருக்கும். சார்ஜர் செருகியே இருக்கட்டும், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

முடிந்த பிறகு ஒரு வேடிக்கை பார்ப்பீங்க. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மாலை 6 மணிக்குக் காலை 10 என்று காட்டும். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். மலேசியாவுக்கு வித்தியாசம் 8 மணி நேரம். இணையம் இருந்தால் தானாகத் திருந்தும். லைன் இல்லாத வீட்டில் அப்படியே நிற்கும், அதைப் பார்த்து இராகு காலம் கணித்தால் வம்புதான். உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரு வரிக் கட்டளை இருக்கு, ஒருமுறை கொடுத்தால் போதும்.

இன்னொன்று. விண்டோஸ் பெரிய புதுப்பிப்பு ஒன்றைப் போட்ட பிறகு சில சமயம் துவாரபாலகர் காணாமல் போவார், நேராக விண்டோஸே திறக்கும். லினக்ஸ் அழிந்துவிட்டதென்று பயந்து மறுபடி நிறுவாதீங்க. பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பூட் வரிசையை மாற்றினால் திரும்பி வருவார். அந்தப் பட்டியலில் மின்ட் என்று தேடினால் கிடைக்காது, 'உபுண்டு' என்ற பெயரில்தான் இருக்கும்.