ஐ2சி பஸ்ஸைத் திறப்போம்!

1982-ல் பிலிப்ஸ் கம்பெனி உருவாக்கிய ஐ2சி, இரண்டே ஒயரில் பல சிப்புகளைப் பேச வைக்கும்.

ராஸ்பெர்ரி பை 4 வரை போர்டில் சொந்தக் கடிகாரம் கிடையாது. தீபத்தன்று திருவண்ணாமலைக் கூட்டத்தில் நெட் திணறினால் சரியான மணி தெரியாது. டிஎஸ்3231 சிப் அதைத் தீர்க்கும்.

1. கரண்டை நிறுத்தி, பின் 1-ல் 3.3 வோல்ட், 3-ல் எஸ்டிஏ, 5-ல் எஸ்சிஎல், 6-ல் கிரவுண்ட் இணைக்கவும். 5 வோல்ட் வேண்டாம். போர்டு போனால் நம்ம வீட்டில் மறுபடி காசு ஏது?

2. ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் ஐ2சி-யை ஆன் செய்து ரீபூட் செய்யவும்.

3. ஐ2சி-டிடெக்ட் கட்டளையில் பஸ் எண் 1 கொடுத்தால் 68 தெரியும்.

அனுமதி இல்லை என்று வந்தால் யூசரை ஐ2சி குரூப்பில் சேருங்கள். எல்லாத்துக்கும் ரூட் வேண்டாம்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான், கேட்க ஆளில்லை. உங்களுக்கு அந்தக் குறை வேண்டாம், செய்து பாருங்கள்!